இடுக்கி அண்ணனின் பத்தியம்

குழித்துறையில் என் வயதை ஒத்த ஆண்கள் அத்தனை பேரையும் ஒற்றை ஆளாக நின்று கெடுத்தவர் இடுக்கி அண்ணன். இதை நான் சொல்லவில்லை, எங்கள் அம்மாக்கள் சொன்னார்கள். ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் எவன் பரீட்சையில் தோற்றாலும், எவன் முடி வெட்டாமல் திரிந்தாலும், பெண் பார்க்கப் போன இடத்தில் எவன் கொட்டாவி விட்டாலும், "எல்லாம் அந்த இடுக்கிக்க சகவாசம்" என்று தீர்ப்பு வந்துவிடும். மேல்முறையீடு கிடையாது.

இரண்டாயிரத்து நாலு கடைசியில் நான் அங்கே ஒரு கூரியர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கியது ஒரு நாட்டு வைத்தியசாலையின் மாடியில் இருந்த லாட்ஜில். ஒரே அறையில் மூன்று பேர். ஜெரால்டு கடற்கரைப் பையன், அண்ணன்மார் மூன்று பேரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் ஒருவனாவது கரையில் சம்பாதிக்கட்டும் என்று அப்பா ஏ.சி. மெக்கானிக் படிக்கவைத்து, கல்ஃப் விசாவுக்காகக் காத்திருந்தான். சிவதாணு அஞ்சுகிராமத்துக்காரன், மருந்துக் கம்பெனி ரெப். கழுத்தில் டை கட்டிக்கொண்டு சைவமாகச் சாப்பிடுகிற பையன்.

இடுக்கி அண்ணன் கீழே வைத்தியசாலையில் எண்ணெய் காய்ச்சுகிறவர். நாற்பது வயதிருக்கும். கல்யாணம் இல்லை. கண்கள் இரண்டும் எந்நேரமும் சிவந்திருக்கும். நடை மெதுவாக இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் அரை நிமிஷம் கழித்துத்தான் பதில் வரும். உடம்பில் இனம் தெரியாத ஒரு வாசனை. எல்லாவற்றுக்கும் மேலாக, 'இடுக்கி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தெருவில் போவார், உள்ளே காய்ந்த இலை இருக்கும். இதற்கு மேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? அசல் கஞ்சா விளைகிற இடுக்கி மலையில் பத்து வருஷம் தோட்டத்துக்குக் காவல் இருந்தவர் என்றார்கள். யானையையே மயக்கிப் படுக்கவைத்தவர் என்றும் சொன்னார்கள்.

அவர் எதையும் மறுத்ததில்லை. மறுக்காமல் இருந்ததற்கு நல்ல பலனும் இருந்தது. முடிதிருத்தும் கடையில் அவர் தலையைக் கண்டால் உட்கார்ந்திருந்தவன் எழுந்து இடம் கொடுப்பான். பஸ்ஸில் கண்டக்டர் "அண்ணே, முன்னால வாங்க" என்பார். அதற்கு முன் பத்து வருஷம் அதே தெருவில் "ஏய் எண்ணெய்" என்று கூப்பிடப்பட்டவர் அவர். அந்தப் பேர் வந்த பிறகுதான் மனிதர் நிமிர்ந்து நடந்தார்.

இருபத்தொரு வயதில் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தால் என்ன தோன்றுமோ அது எங்களுக்கும் தோன்றியது. ஒரு நாள் மதியம் அவர் எண்ணெய் காய்ச்சுகிற பெரிய உருளியைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றோம்.

"அண்ணே, ஒரு காரியம்" என்றான் ஜெரால்டு.

"செல்லு மக்கா."

"அது... மத்த சாதனம்..."

அண்ணன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு துடுப்பை உருளியின் விளிம்பில் வைத்தார்.

"யாருகிட்டயும் செல்லப்பிடாது. சனிக்கிழம சாயங்காலம் நாலு மணிக்கு மொட்டை மாடிக்கு வரணும். குளிச்சிட்டு வரணும். மூணு நாள் பத்தியம் இருக்கணும்."

"பத்தியமா?"

"பின்ன? புளி கூடாது. மீன் கூடாது. பாகற்காய் தொடப்பிடாது. ஒருத்தன்கிட்டயும் சண்டைக்குப் போவப்பிடாது."

"மீன் இல்லாம எப்பிடிண்ணே சோறு எறங்கும்?"

"அப்ப மீன் தின்னுகிட்டு இரு. சாதனம் வேண்டாம்."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கஞ்சாவுக்கு ஏதப்பா பத்தியம் என்று அப்போதே சிரித்திருப்பான். நாங்கள் இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள். கை ஒடிந்தால் பத்தியம், சளி பிடித்தால் பத்தியம், பிள்ளை பெற்றால் தாய்க்கு நாற்பது நாள் பத்தியம். பத்தியம் சொல்லாத வைத்தியனை எங்கள் ஆட்கள் மதிக்கவே மாட்டார்கள். அவர் பத்தியம் சொன்னதும் எங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று. சாதனம் அசல்தான் என்று முடிவுகட்டிவிட்டோம்.

பத்தியத்தால் அதிகம் பாடுபட்டவன் ஜெரால்டு. வியாழக்கிழமை ஒரு சோலியாக வீட்டுக்குப் போனவன், அம்மை வைத்த நெய்மீன் குழம்பைத் தொடாமல் எழுந்துவிட்டான். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அம்மை பங்குச் சாமியாரிடம் ஓடியிருக்கிறாள். பையன் மீனை விட்டுவிட்டான், கோபப்படுவதில்லை, சனிக்கிழமையானால் குளித்து எங்கேயோ போகிறான், இது தேவ அழைத்தல்தானே சாமி என்று கேட்டிருக்கிறாள். சாமியார் ஸ்கூட்டரில் லாட்ஜுக்கே வந்துவிட்டார். ஜெரால்டின் தலையில் கைவைத்து, சாமியாராவதற்குச் செமினரியில் சேருவதைப் பற்றி முக்கால் மணி நேரம் கண்கலங்கப் பேசினார். நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சனிக்கிழமைகளில் மொட்டை மாடியில் பாய் விரித்து வேரும் பட்டையும் காயப்போட்டிருக்கும். நடுவே எங்களை உட்காரவைத்து, அண்ணன் பீடி இலையில் தூளைச் சுருட்டித் தருவார். காசு வாங்க மாட்டார். அவர் இழுக்கவும் மாட்டார். கேட்டால், "எனக்குள்ளது காலம்பறயே ஆச்சு" என்பார். அந்தப் பதிலில் நாங்கள் சொக்கிப்போவோம்.

முதல் சனிக்கிழமை எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். தொண்டை கரகரத்தது, வாய் கசந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டு, "ஏலே, கடல் கேக்குது" என்றான். கடல் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். அவனுக்குக் கேட்டது எனக்குக் கேட்காவிட்டால் என்ன மரியாதை? எனக்கும் கேட்கிறது என்றேன். சிவதாணு ஆற்றைப் பார்த்தபடி, "பாலம் ஆடுதுலே" என்றான். மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். அண்ணன் எங்களோடு சேர்ந்து, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தார்.

இப்படி இரண்டு வருஷம். நாங்கள் மட்டுமல்ல, மற்ற நாட்களில் வேறு கோஷ்டிகளும் வந்து போயின. எல்லோருக்கும் அதே குளியல், அதே பத்தியம். ஊரே இருமிக்கொண்டிருந்த ஐப்பசி மழையில் எங்கள் லாட்ஜில் மட்டும் ஒருவனுக்கும் சளி பிடிக்கவில்லை. கஞ்சாவின் மகிமையே மகிமை என்று பேசிக்கொண்டோம்.

கடைசியில் ஜெரால்டுக்கு விசா வந்தது. பயணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தபோது, கருங்கலில் மாமா வீட்டுப் பையன்களிடம் காட்டிப் பெருமையடிக்க ஒரு பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். வழியில் வாகனச் சோதனை. போலீஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்து, "என்னடா இது?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இவனுக்கு இரண்டு வருஷத்துப் பெருமை வாயில் வந்து முட்டிவிட்டது. "ஒரிஜினல் இடுக்கி சார்" என்றிருக்கிறான்.

கூரியர் ஆபீசுக்குப் போன் வந்ததும் நானும் சிவதாணுவும் அண்ணனிடம் ஓடினோம். கேஸ் பதிவானால் விசா போய்விடும், ஜெரால்டு நாலாவது ஆளாகக் கடலுக்குத்தான் போகவேண்டும். அதைவிட, அடுத்து போலீஸ் இவரைத் தேடி வரும் என்று எங்களுக்குப் பயம்.

"அண்ணே, நீங்க எங்கயாவது போயிருங்க. ஜெரால்டைப் பிடிச்சாச்சு."

அண்ணன் உருளியைப் பார்த்தார். மூன்று நாளாகக் காய்ச்சின எண்ணெய் பாகம் சேருகிற நேரம், கொஞ்சம் தவறினாலும் கெட்டுப்போகும். அந்த நேரத்தில் அவர் சொந்த அம்மா கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அன்று அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டு, தண்ணீரை ஊற்றி அணைத்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"வண்டியை எடு. ஸ்டேஷனுக்குப் போவணும்" என்றார்.

ஒரே வண்டியில் மூன்று பேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய் இறங்கியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஜெரால்டு இரண்டு வருஷக் கதையையும் பத்தியத்தையும் ஒப்பித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். எஸ்.ஐ. மதுரைப் பக்கத்துக்காரர். ஏட்டு உள்ளூர்க்காரர், இரண்டு வரி எழுதுவதற்குள் நாலு தடவை இருமினார்.

"யாருய்யா நீ?" என்றார் எஸ்.ஐ.

அண்ணன் தன் நிஜப் பெயரைச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் எனக்குக்கூடக் கேட்கவில்லை. ஏட்டு குனிந்து எஸ்.ஐ.யின் காதில், "சார், இவன்தான் இடுக்கி" என்றார்.

எஸ்.ஐ. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "அட, நீதானா அது! ஆறு மாசமா உன்னைப் பத்திதான்யா கேள்விப்படுறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு பெஞ்சில் இருந்தவனைப் பார்த்தார், அது போய்விட்டது.

"சார், அது கஞ்சா இல்ல. ஆடாதோடை எல. இருமலுக்கும் இழுப்புக்கும் உள்ளது. காயவச்சு நானே பொடிச்சது."

"யாருகிட்ட கதை விடுறே? நீ இடுக்கியில எத்தனை வருஷம் இருந்தே?"

"போனதே இல்ல சார். ஒருக்க குமுளி பஸ்ஸு ஏறினேன். பாதி வழியில தல சுத்தி சர்த்தி வந்து, எறங்கித் திரும்பி வந்தாச்சு."

"அப்ப சாக்கு?"

"வைத்தியசாலைக்கு ஏலக்கா வந்த சாக்கு சார்."

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"அடுப்புப் புகை சார்."

"உண்மையைச் சொல்லு. இதுவரைக்கும் எத்தனை தடவை கஞ்சா அடிச்சிருக்கே?"

அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒருக்கலும் இல்ல சார். பீடிகூட இல்ல. எனக்குப் புகை ஒத்துக்கிடாது."

எஸ்.ஐ. நம்பவில்லை. பொட்டலத்தை லேபுக்கு அனுப்புவேன், முடிவு வர இரண்டு மூன்று மாசம் ஆகும், அதுவரைக்கும் கேஸ் கேஸ்தான் என்றார். விசா அதுவரை நிற்காது. ஜெரால்டு இன்னும் பலமாக அழுதான்.

"ஒரு அடுப்பும் பாத்திரமும் தாருங்க சார். காய்ச்சிக் காட்டுதேன்" என்றார் அண்ணன்.

"எவிடென்ஸைக் காய்ச்சுவியா?"

"பாதி போதும் சார்."

எஸ்.ஐ.க்கே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் பின்னால் டீ போடுகிற ஸ்டவ்வில் அண்ணன் வேலையைத் தொடங்கினார். நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றவேண்டும். நடுவில் எஸ்.ஐ. வந்து, "போதும்யா, எடு" என்றதற்கு, "வத்தாம எடுத்தா கொணம் கிட்டாது சார்" என்று மறுத்துவிட்டார். ஒரு காவல் நிலையமே முக்கால் மணி நேரம் கஷாயம் வற்றக் காத்திருந்தது.

வற்றியதும் முதலில் அவர் ஒரு வாய் குடித்தார். அதே டம்ளரை இருமிக்கொண்டிருந்த ஏட்டிடம் நீட்டினார். ஏட்டு ஒரு மடக்கு விழுங்கியதும் முகம் அஷ்டகோணலாகிப் போனது. தடாலென்று மேஜையைத் தட்டினார்.

"சார்! இது எனக்க அம்மை மூக்கைப் பிடிச்சு வாயில ஊத்துன சாதனமாக்கும்! இந்தக் கசப்பை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். ஆடாதோடையேதான் சார்!"

எஸ்.ஐ.யும் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார். கண்ணை இறுக்க மூடித் திறந்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்: "இதையாடா ரெண்டு வருஷமா இழுத்தீங்க? பத்தியம் வேற இருந்து?"

கேஸ் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. ஜெரால்டிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார். ஏட்டு மீதிக் கஷாயத்தை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சிவதாணுவுக்குத்தான் ஆத்திரம். "அப்ப அண்ணே, பாலம் ஆடினது?"

"லாரி போனா பாலம் ஆடத்தான் செய்யும் மக்கா."

"ஏன் அண்ணே எங்களை இப்படி ஏமாத்துனீங்க?" என்றேன் நான்.

அண்ணன் அரை நிமிஷம் எடுத்துக்கொண்டார். "இல்லண்ணு சென்னா நீங்க வேற எங்கயாவது தேடிப் போவிய. பொறவு எனக்க மாடிக்கு ஆரு வருவா?" என்றார். அதன் பிறகு எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருல செல்லாண்டாம், கேட்டியளா? ஒரு பேரு உண்டுல்லா."

சொல்லவில்லை. கஷாயத்துக்கு அண்ணனை நம்பியிருந்த ஏட்டும் வாயைத் திறக்கவில்லை. கெட்டுப்போன எண்ணெய்க்கு வைத்தியர் சத்தம் போட்டபோது, அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கஞ்சா மயக்கத்தில் தூங்கிவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. அவருடைய பேர் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

வருஷங்கள் ஓடின. எங்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். அதோடு எங்கள் புத்தியும் தலைகீழாக மாறியது. மொட்டை மாடியில் கடலைக் கேட்ட நான், என் மகளின் பள்ளிக்கூடப் பையைத் தினமும் முகர்ந்து பார்க்கிற அப்பனானேன். அவள் படித்தது இரண்டாம் வகுப்பு, பையில் இருந்தது வாழைப்பழத் தோல். சிவதாணு போதைக்கு எதிராக மேடையில் பேசுகிற அளவுக்குப் போய்விட்டான். கல்ஃபிலிருந்து கனடாவுக்குப் போன ஜெரால்டோ வேறு கதை சொன்னான். அங்கே சட்டமே அனுமதித்து, கஞ்சாவை நகைக்கடை மாதிரி கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்களாம். உள்ளே போனவன் பழக்க தோஷத்தில் கடைப் பெண்ணிடம் பத்தியம் உண்டா என்று விசாரித்திருக்கிறான். வாங்கி இழுத்துவிட்டு சோபாவிலேயே தூங்கிவிட்டான். "நம்ம அண்ணனுக்க சாதனத்துக்குப் பக்கத்துல வராதுலே" என்றான் போனில்.

ஆனால் இங்கே நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. பள்ளிக்கூட வாசல்களில் நிஜமான சரக்கே வர ஆரம்பித்திருந்தது. ஊர் பயந்துபோயிருந்தது. மகளின் பள்ளியில் பெற்றோரைக் கூட்டிப் பேசினார்கள். எடுத்த எடுப்பில் ஒரு அம்மாள் எழுந்து, "முதல்ல அந்த இடுக்கியை வைத்தியசாலையில இருந்து விரட்டணும். பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல அந்த ஆளு எப்படி இருக்கலாம்?" என்றார். கூட்டம் கைதட்டியது. பழைய வைத்தியரின் மகன்தான் இப்போது முதலாளி. அவரும் அங்கே இருந்தார். நாளைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறேன் என்று எழுந்து சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. உருளியும் துடுப்பும் தவிர வேறு ஒன்றும் தெரியாது. தூங்குவதும் வைத்தியசாலையின் பின்கட்டில்தான். நான் சிவதாணுவைத் தேடினேன். வெளியூர் போயிருந்தான். என் மனைவி பக்கத்தில் இருந்தாள். எழுந்து நின்றேன்.

"நான் அவர்கிட்ட ரெண்டு வருஷம் இழுத்திருக்கேன்" என்றேன்.

மனைவி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடாதோடை, ஏலக்காய்ச் சாக்கு, பத்தியம், ஸ்டேஷன், கஷாயம் எதையும் விடவில்லை. முதலில் ஒரு டீச்சர் சிரித்தார், பிறகு பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் சிரிக்கவில்லை. எல்லாம் என் வயதுக்காரர்கள். பின்வரிசையில் ஒரு வங்கி மேனேஜர் முகம் வெளிறிப்போய் எழுந்தார்.

"அப்ப அன்னைக்கு நான் மொட்டை மாடியில முருகனைப் பாத்தது?" என்று கேட்டார்.

முதலாளி தன் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அண்ணனின் வேலை தப்பியது.

அண்ணன் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. கடைசியில் நானே போனேன். உருளியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்கிட்ட கேட்டுட்டு செல்லியிருக்கலாம்" என்றார்.

"கேட்டா விட்டிருப்பியளா அண்ணே?"

"மாட்டேன்."

"வேலை போயிருக்குமே."

"போனா போவுது. நேத்து சந்தையில ஒரு பொம்பள வந்து பிள்ளைக்குச் சளி, எல தாருங்கண்ணு கையைப் பிடிச்சுக் கேக்கா. ஒரு பயமும் இல்ல அவளுக்கு. முடிவெட்டுக கடையில ஒருத்தனும் எந்திரிக்கல."

சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மனிதர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார். "உங்களுக்க பேரை வச்சு நாங்க என்ன செய்ய அண்ணே? எங்களுக்கு நீங்க இங்க இருக்கணும்" என்றேன்.

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். வழக்கமான அரை நிமிஷம் போயிற்று.

"நீ பத்திரிகையில எழுதுவியாமே" என்றார். "எனக்க கதையை எழுதினா, ஒருக்கலாவது அசல் சாதனத்தைத்தான் இழுத்தாருண்ணு எழுதுவியா மக்கா?"

ஆகையால் வாசகர்களே, இதுவரை படித்ததில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இடுக்கி அண்ணன் ஒரே ஒரு தடவை அசல் கஞ்சாவை இழுத்திருக்கிறார். நான் பக்கத்தில் இருந்து என் கண்ணால் பார்த்தேன்.